மார்த்தாண்டத்துத் தேனும் மலிவுப் போத்தலும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே பஸ்ஸில் வரும்போது களியக்காவிளை என்ற இடத்தில் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. கடைப் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறதே தவிர மண்ணும் மரமும் மாறுவதில்லை. வாழை, மரவள்ளி, தென்னை, வீட்டுக்கு வீடு பலா. இன்னும் சிறிது தூரம் போனால் மார்த்தாண்டம். நீண்டதொரு மேம்பாலமும் அதன் கீழே நெரிசலான கடைத்தெருவுமாக, முதற் பார்வைக்குத் தேனுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்கத் தோன்றும். பேச்சிப்பாறை, குலசேகரம், அருமனைப் பக்கமாக உள்ளே போனால்தான் விடை கிடைக்கும். அங்கே மேடு பள்ளமெல்லாம் இறப்பர்.

நாங்கள் இருவர் அங்கே போனதற்குக் காரணமும் இறப்பர்தான். கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் இருக்கும் பெண்கள் குழுக்களுடன் நாங்கள் வேலை செய்கிறோம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கையில் காசும் இல்லை. கோழி, தையல், காளான் எனப் பல சுயதொழில்களைப் பேசிப் பார்த்த ஒரு கூட்டத்தில், பால்வெட்டும் அக்கா ஒருவர், “தேன் பெட்டி எடுத்துத் தர ஏலாதா மிஸ்? எங்கட மரத்துப் பொந்துகளில எவ்வளவு தேனீ இருக்கு” என்று கேட்டார். எங்கள் தோட்டங்களில் உள்ள அதே மரம், அதே இனத் தேனீ, மார்த்தாண்டத்தில் நெடுங்காலமாகக் குடும்பங்களுக்குச் சோறு போட்டு வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே பெட்டிக்குக் காசு தேடுமுன் ஒரு முறை போய்ப் பார்த்து வருவோம் என்று கிளம்பினோம்.

நாங்கள் போனது மாசி மாதக் கடைசி. இறப்பர் மரங்கள் மார்கழி, தை மாதங்களில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பிறகு துளிர்க்கும் என்பது எங்கள் தோட்டத்துச் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்தத் துளிரில்தான் தேன் இருக்கிறது என்பதை அங்கே போய்த்தான் கண்ணால் கண்டேன். இறப்பரின் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதல்ல. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இளம் இலை முற்றி வரும் அந்த ஒரு சில வாரங்களில் அவற்றில் இனிப்பு நீர் முத்துப்போலத் திரண்டு நிற்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், இனிக்கிறது. தோட்டம் முழுவதும் ஒரே இரைச்சல். தேனீக்கள் காலையிலிருந்து அந்தக் காம்புகளில்தான் வேலை செய்கின்றன. பங்குனி, சித்திரையோடு இந்த வரவு முடிந்துவிடும். வருடத்துக்குரிய தேனில் மிகப் பெரும் பங்கு இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் வந்துவிடுகிறது என்பதை வாசகியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் சங்கடத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

எங்களை அழைத்துப் போன சுய உதவிக் குழுவின் அங்கத்தவர் ஒருவருடைய வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். அவரை அக்கா என்றே எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் அதிகாலையில் பால்வெட்டப் போய்விடுவார். பெட்டிகள் அக்காவின் பொறுப்பு. வீட்டைச் சுற்றியும் பக்கத்துத் தோட்டத்திலுமாக முப்பதுக்குக் கிட்டப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒற்றைக் காலில் நிற்கிறது. காலைச் சுற்றி எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணம். பெட்டியின் கீழறையில் ராணியும் முட்டையும் புழுக்களும், மேலறையில் தேன். சிரட்டையிலும் தும்பிலும் தீ மூட்டி மெல்லப் புகை காட்டிவிட்டு, அக்கா வெறுங்கையாலேயே சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். மூடியிட்ட அடையின் மேல் மெழுகைக் கத்தியால் சீவி, கையால் சுழற்றும் ஒரு தகர உருளைக்குள் வைத்துச் சுற்றினால் தேன் சுவரில் தெறித்து வடிகிறது. வெறும் அடையைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார். புழு இருக்கும் அடையை அவர் தொடுவதில்லை. “அது அதுகளுக்க வீடில்லியா மக்களே” என்றார். அந்தப் பக்கத்தில் ஒருவரைக் கூப்பிடுவதற்கே ‘மக்களே’ என்கிறார்கள். முதல் நாள் முழுவதும், என்னைத் தவிர வேறு யாரை அழைக்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஆடி ஆவணி மழையில் தேனீக்களுக்கு வெளியே ஒன்றும் கிடைக்காது. அப்போது சீனிப்பாகு காய்ச்சி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இந்த இனத் தேனீ பெட்டியை விட்டுப் பறந்துவிடும். அக்கா சீனி வாங்குவதற்காகவே ஒரு சீட்டுப் போடுகிறார்.

இந்த ஊருக்குத் தேனீ வளர்ப்பு வந்த கதையும் சுவையானது. பெட்டியின் மூல வடிவம் நியூட்டன் என்ற பாதிரியார் 1910களில் தென்னிந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்பச் செய்தது. இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே அழைக்கப்படுகிறது. 1924இல் ஸ்பென்சர் ஹாச் என்ற அமெரிக்கர் வை.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு வேலைக்காக அப்போது திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த மார்த்தாண்டத்துக்கு வந்தார். ஏழைக் குடும்பங்கள் காணி இல்லாமலே செய்யக்கூடிய தொழில் எவையெனத் தேடியபோது கோழியோடு தேனீயும் அவர் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கமும் எழுந்தது. 1991, 92 ஆண்டுகளில் பெரிய அடி விழுந்தது. தாய்லாந்தில் முதலில் இனங்காணப்பட்ட ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, புழுக்களை நீர் நிரம்பிய பைபோல ஆக்கிக் கொன்றது. வளர்ப்புக் கூடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. பெட்டியெல்லாம் வெறும் பலகையாகக் கிடந்த அந்த வருடத்தைப் பற்றி அக்கா பேசும்போது ஒரு மரணத்தைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார். நோயைத் தாங்கிய கூடுகளிலிருந்து மெல்ல மெல்லத் தொழில் மீண்டது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வளவும் கேட்டபோது எங்களுக்கு உற்சாகமாகவே இருந்தது. இரண்டாம் நாள் மாலை, வேலியோரம் அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்த்தேன். ஏழெட்டுத் தேன் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, முன்னால் வலை அடிக்கப்பட்டு, உள்ளே கோழிக்குஞ்சுகள் இருந்தன. நோயா என்று கேட்டேன். “நோயில்ல. வெல” என்றார் அக்கா.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் அன்றிரவு வெகுநேரம் பேசினோம்.

தேன் எடுக்கும் காலத்தில் வியாபாரியின் ஆள் தகரங்களோடு வருவார். விலை அவர் வாயிலிருந்து வரும், அவருக்குத் தொலைபேசியில் வரும். ஊரில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தேன் நிறைந்திருப்பதால் ‘பொறுத்து விற்கலாம்’ என்று சொல்லக்கூடியவர் சிலரே. இதில் காசு நெருக்கடி மட்டும் காரணமல்ல, தேனின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. உலக உணவு நியமங்களின்படி தேனில் ஈரம் நூற்றுக்கு 20க்கு மேல் இருக்கக்கூடாது. எங்கள் இரு நாட்டிலும் பெட்டியில் வளரும் இந்தச் சிறிய தேனீயின் தேனில், அதுவும் ஈரக்காற்று வீசும் பிரதேசத்தில், ஈரம் அதற்கு மேலாகவே பெரும்பாலும் இருக்கும். கவனமாகச் சூடாக்கி ஈரம் நீக்காமல் வைத்தால் புளித்து நுரைத்துவிடும். ஆகவே முப்பது பெட்டிக்காரி சித்திரைக்குள் விற்றே ஆக வேண்டும். பெரிய கொம்பனிக்கோ அவசரம் ஒன்றுமில்லை. அதற்குத் தேன் பல திசையிலிருந்தும் வரும்.

பல திசை என்பதில்தான் வெளிநாட்டுச் சரக்கு வருகிறது. அக்காவின் வீட்டு வாசலுக்குச் சீனத் தேன் வந்து இறங்கவில்லை. அது வராமலே விலையைக் கீழே இழுக்கிறது. 2020 டிசெம்பரில் டில்லியிலுள்ள விஞ்ஞானத்துக்கும் சுற்றாடலுக்குமான நிலையம் ஒரு விசாரணையை வெளியிட்டது. இந்தியச் சந்தையில் விற்கும் 13 வர்க்கத் தேனை ஜேர்மனிய ஆய்வுகூடமொன்றில் சோதித்தபோது எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்று மாத்திரமே. சீனாவிலிருந்து வரும் ஒருவகைச் சீனிப்பாகு இந்தியாவின் வழக்கமான ஆய்வுகூடச் சோதனைகளுக்குப் பிடிபடாதபடியே தயாரிக்கப்பட்டு, அந்தத் தகுதியைச் சொல்லியே விளம்பரப்படுத்தப்பட்டு வந்ததையும் அவர்கள் காட்டினார்கள். தாங்களே பாதிக்குப் பாதி பாகு கலந்து அனுப்பிய மாதிரியும் வழக்கமான சோதனையில் தேறிவிட்டதாம். கொம்பனிகள் இதை மறுத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் இந்த விசாரணையைத் தொடங்கியதே, வட இந்தியத் தேனீ வளர்ப்போர் தமது தேனின் விலை சில வருடங்களில் பாதிக்கும் கீழே விழுந்துவிட்டதென்று முறையிட்டதால்தான்.

கணக்கு எளிது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில் அது பளிச்செனத் தெரிகிறது. அங்கே இறக்குமதியான தேனின் சராசரி விலை 2021இல் கிலோவுக்கு 2.17 யூரோ. அரிசியிலிருந்து செய்யும் பாகு 40 முதல் 60 சதம். இறக்குமதித் தேனில் சோதித்த 320 மாதிரிகளில் 147 சந்தேகத்துக்குரியவை. கரும்பு, சோளப் பாகைக் கண்டுபிடிக்கும் பழைய முறை அரிசிப் பாகுக்கும் பீட் பாகுக்கும் உதவாது. கண்டுபிடிக்கும் முறை ஒவ்வொன்றாக முன்னேற முன்னேற, ஏமாற்றும் முறையும் கூடவே முன்னேறுகிறது. இதற்கு நடுவில், ஒரு கூடு முழுவதும் இலட்சக்கணக்கான தடவை பறந்து சேர்த்த பொருளும் ஆலைத் தொட்டியில் அரை நாளில் வடியும் பொருளும் ஒரே பெயரில், ஒரே தட்டில், ஒரே விலைப் போட்டியில் நிறுத்தப்படுகின்றன. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ‘சந்தை’ என்ற தலைப்பில் நான் எழுதிய கட்டுரைகளில் இந்தத் தகர உருளைச் சத்தம் இருந்ததில்லை.

இதில் ஒரு நாட்டைக் குற்றவாளியாக்கி முடித்துவிடவும் முடியாது. 2001இல் சீனத் தேனுக்கு அமெரிக்கா மேலதிக வரி விதித்தது. அதன் பின் அது வேறு நாடுகளின் பெயரில் சுற்றிச் சுற்றி உள்ளே போனது. 2022இல் அதே அமெரிக்கா, தன் தேனீ வளர்ப்போரின் முறைப்பாட்டின் பேரில் இந்தியா, வியட்நாம், ஆர்ஜென்டீனா, பிரேசில் தேனுக்கும் வரி போட்டது. அதாவது இங்கே அக்காவுக்கு விலை தராத அதே வியாபாரம், அங்கே இன்னொரு குடும்பத்துக்கு ‘மலிவு இறக்குமதி’. மார்த்தாண்டத்துக் கடைத்தெருவிலேயே சாலையோரம் வெல்லப்பாகைக் குப்பியில் ஊற்றி மலைத்தேன் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள் என்று அக்காவே சொன்னார்.

மறுநாள் அந்தத் தெருவில் ஒரு கடைக்குப் போனோம். பெரிய கொம்பனித் தேன் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அடுக்கியிருந்தது. தேன் விளையும் ஊரில்! கல்லாவில் இருந்த பெண் சிரித்தார். “பிள்ளைக்கு மருந்து குழைக்கத்தான் வாங்குறாங்க. எது குறைவோ அதத்தான கேப்பாங்க” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. முந்தின வருடம் அக்கா தாமே குப்பியில் அடைத்து நாகர்கோவிலில் தெரிந்தவர்களுக்கு விற்றிருக்கிறார். நல்ல விலை. இரண்டு மாதத்தில் ஐந்து குப்பி திரும்பி வந்துவிட்டது. அடியில் வெள்ளையாக உறைந்திருக்கிறது, சீனி கலந்திருக்கிறீர்கள் என்றார்களாம். இறப்பர்த் தேன் விரைவில் உறையும். அது அதன் குணம், கலப்படத்தின் அடையாளமல்ல. வெந்நீரில் குப்பியை வைத்தால் இளகிவிடும். ஆனால் கடைத்தேன் வருடக்கணக்காக உறையாமல் பளபளவென்று நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உறைகிற தேன்தான் பொய்த் தேனாகத் தெரிகிறது.

எங்கள் ஊர்களிலும் இதே கதைதான். தேனில் தோய்த்த தீக்குச்சி பற்றினால் நல்ல தேன், தண்ணீரில் கரையாமல் அடியில் போனால் நல்ல தேன், எறும்பு மொய்க்காவிட்டால் நல்ல தேன் என்று எத்தனை பரீட்சைகள். சகோதரிகளே, கெட்டியாகக் காய்ச்சிய பாகு இவற்றில் பலவற்றில் முதல் தரத்தில் சித்தியடையும். ஈரம் சற்றுக் கூடிய எங்கள் சிறு தேனீயின் சுத்தத் தேனோ தோற்றுப்போகும். நாக்காலும் கண்ணாலும் கலப்படத்தை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. எடுத்த கை எது என்று தெரிந்து வாங்குவதே வீட்டுப் பெண்ணால் முடிந்த பரீட்சை.

புறப்படும்போது அக்கா ஒரு குப்பி நிறையத் தேன் தந்தார். அதை நாங்கள் இலங்கைக்குக் கொண்டுவரவில்லை, திருவனந்தபுரத்தில் தங்கிய இடத்துப் பெண்களோடு பகிர்ந்து தீர்த்துவிட்டோம். தேனீப் புழுக்களைக் கொல்லும் சில நோய்களின் வித்துகள் தேனுக்குள் பல வருடம் உயிரோடிருக்கும். மனிதருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் வெளிநாட்டுத் தேன் போத்தலைக் கழுவாமல் கொல்லைப்புறத்தில் எறிந்தால், அதை நக்க வரும் நம்மூர்த் தேனீ அதைக் கூட்டுக்கு எடுத்துப்போகக் கூடும். இறக்குமதித் தேனை வாங்குபவர்கள் வெறும் போத்தலைச் சுடுநீரில் கழுவிவிட்டுப் போடுவது நல்லது. 1991ஐ நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

வாழ்வாதார உதவி என்ற பெயரில் நம் நாட்டில் பெட்டிகள் கொடுத்த இடங்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். பெட்டி கையளிக்கும் வைபவத்துக்குப் பதாகை இருக்கும், படம் இருக்கும். ஆடி மாதச் சீனிக்குக் காசு எங்கே என்றோ, வரும் தேனை யார் வாங்குவார் என்றோ திட்ட அறிக்கையில் ஒரு வரி இராது. நமது சுப்பர் மார்க்கெட் தட்டுகளிலும் கடல் கடந்து வந்த போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. உற்பத்தியைப் பெருக்கு, சந்தை தானே வரும் என்று சொல்பவர்களை மார்த்தாண்டத்துக் கோழிக்கூட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் போலிருக்கிறது. நூறு வருட அனுபவமுள்ள ஊரே திணறும்போது, இரண்டு நாள் பயிற்சியோடு ஐந்து பெட்டியைக் கொடுத்துவிட்டு வருவது உதவியாகாது.

அதற்காகத் தொழிலே வேண்டாம் என்ற முடிவுக்கும் நான் வரவில்லை. அக்காவின் குழுவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இப்போது எல்லாத் தேனையும் வியாபாரியின் ஆளுக்குக் கொடுப்பதில்லை. கடனுக்கும் சீனிக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் தகரத்தில் விற்கிறார்கள். மீதியைப் பெரிய பாத்திரத்துச் சுடுநீருக்குள் வைத்துச் சூடாக்கி, ஈரம் இறக்கி, சிறு குப்பிகளில் அடைத்துக் கோயில் வாசல், பள்ளிக்கூடம், வைத்தியர் வீடு என்று தெரிந்த இடங்களில் விற்கிறார்கள். குப்பியில் ‘உறையும், வெந்நீரில் வைக்கவும்’ என்று எழுதி ஒட்டுகிறார்கள். கொம்பனித் தேனை விட விலை அதிகம்தான். ஒரு தடவை வாங்கியவர் மறுபடி வருவதாகச் சொன்னார்கள். முப்பது பெட்டிக்கு இது போதும். முந்நூறு பெட்டிக்குப் போதுமா என்று கேட்டதற்கு அக்கா பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்து யட்டியாந்தோட்டைக் குழுவைக் கூட்டினோம். கண்டதையெல்லாம் சொன்னேன், கோழிக்கூட்டையும் மறைக்கவில்லை. கூட்டத்துக்கு வந்த வயதான அம்மா ஒருவர், லயத்துக்குப் பின்னாலுள்ள மரப்பொந்தில் தம் மகன் எடுத்த தேனைச் சிறு போத்தலில் கொண்டு வந்திருந்தார். கரண்டியில் ஆளுக்கொரு துளி கொடுத்தார். இளம் பெண்ணொருவர் நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து, “இது தேன் மாதிரியே இல்லையே மிஸ், கடையில வாங்கிறது வேற மாதிரி இருக்குமே” என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கரண்டியைப் பறித்துக்கொண்டார். கூட்டம் முழுவதும் சிரித்தது.

சிரிப்பு அடங்கியபின் கணக்குப் பார்த்தோம். முதலில் பெட்டி அல்ல, பண்டாரவளை பிந்துனுவெவவில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போக மூன்று பேர் என்று தீர்மானமாயிற்று. பிந்துனுவெவ என்ற பெயரைக் கேட்டதும் ஓரிருவர் முகம் மாறியது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் அங்கிருந்த தடுப்பு முகாமில் நம் பிள்ளைகள் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. போவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். போவதென்றே முடிவு செய்தார்கள். அந்த மூவரில், கரண்டி பறிக்கப்பட்ட பெண்ணும் ஒருவர். சீனிக்கான சீட்டு அடுத்த மாதச் சம்பளத்தில் தொடங்குகிறது.